விட்ட உடற்பயிற்சியை மறுபடி பிடித்தது

பழைய வேகத்திலேயே ஆரம்பித்ததுதான் தப்பு. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கோ மாதக்கணக்கில் ஆகும். கணுக்காலுக்கு மேலே, முன்கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்தினால் சுரீரென்கிறதா? ஓட்டத்தை நிறுத்தி, நடையோடு நிற்க வேண்டும்.

சரிப்பட்டு வந்த கணக்கு: ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிட நடை, பேசிக்கொண்டே போகிற வேகம். மூன்றாம் வாரத்திலிருந்து 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 7 சுற்று. 24 முதல் 72 மணி நேரம் வரை இருக்கும் தசைவலி சகஜம். மூட்டுக்குள் குத்தினால் அது வேறு சமாச்சாரம்.

எடைக் கருவியை அலமாரிக்குள் வைத்தாயிற்று. தசை ஒரு கிராம் கிளைகோஜனை, அதாவது சேமிப்புச் சர்க்கரையை, சேர்த்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். முதல் வாரங்களில் முள் ஏறுவது கொழுப்பாலன்று, பெரும்பாலும் இந்தத் தண்ணீரால். அதைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. எடை குறைந்தால்தான் பயிற்சிக்குப் பலன் என்ற எண்ணமே பாதி வில்லங்கம். அதற்குப் பதில், காலையில் படுக்கையிலேயே 60 விநாடி நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து, நாளடைவில் அது குறைகிறதா என்று பார்த்தாலே போதும்.