கை சும்மா இருக்காதா? அதற்கு ஒரு வேலை கொடுங்கள்

‘உட்கார்ந்து காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது’ என்று பாட்டி சொல்லியே வளர்ந்தவன் நான். 32 வயதில் ஏடிஹெச்டி (கவனம் சிதறும், உடம்பு சும்மா இருக்காத மூளை வளர்ச்சி நிலை) என்று தெரிந்த பிறகு ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள்: நகம் கடிக்கிறீர்களா, பேனாவைச் சொடுக்குகிறீர்களா, தாடியை முறுக்குகிறீர்களா? கை எதைத் தேடுகிறதோ அதே அசைவு உள்ள பொருளை வாங்குங்கள். சொடுக்குபவருக்கு ஃபிட்ஜெட் க்யூப் (பக்கத்துக்குப் பக்கம் பொத்தான், சுவிட்ச் உள்ள சின்னக் கனசதுரம்), பிசைபவருக்கு ஸ்ட்ரெஸ் பால். 2017-இல் எல்லார் கையிலும் சுற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னர் எனக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் கண்ணும் அதோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். பார்க்காமலே கை தானாகச் செய்யக்கூடியதுதான் வேலைக்கு ஆகும்.

சத்தம் முக்கியம். ஓஎம்ஆர் ஆபீஸ் மீட்டிங்கில் டிக் டிக் என்றால் பக்கத்து சீட்காரர் முறைப்பார், அதில் தப்பில்லை. சென்னை வேர்வையில் களிமண் மாதிரிப் பொருள்கள் பிசுபிசுக்கும், கழுவக்கூடிய சிலிகோன் தேவலை. தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டு போகும்போது விரலில் சுழலும் மோதிரம் போதும், கீழே விழாது. காசு செலவழிக்க மனமில்லையா, சட்டைப்பையில் நாலு புளியங்கொட்டை போடுங்கள். சலித்துவிட்டால், கட்டாயம் சலிக்கும், வேறொன்றுக்கு மாற்றுங்கள். அப்புறம், வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.