பள்ளிக்கூட வழக்கு எங்கே தவறிப்போகிறது: அதிபரும் சட்டத்தரணியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்காவணத்தின் தலைப்பிலேயே முதல் பிழை நடந்துவிடுகிறது. பிரதிவாதி என்ற இடத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். இலங்கையில் அரசாங்கப் பாடசாலைக்கென்று தனியான சட்ட ஆளுமை கிடையாது. அதற்கு எதிராகவும் வழக்கு வைக்க ஏலாது, அதன் பெயரிலும் வைக்க ஏலாது. நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகிறவர் அரசின் சார்பில் சட்டமா அதிபரையே பிரதிவாதியாக்க வேண்டும். நிர்வாக முடிவை நீக்கக் கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனுவிலும் அடிப்படை உரிமை மனுவிலும் அந்த முடிவை எடுத்த அலுவலரைப் பெயரோடும் பதவியோடும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அதிபர் மாறிப் போவார், பணிப்பாளர் ஓய்வு பெறுவார். பதவியையும் எழுதியிருந்தால் பின்னால் வருபவரை மனுவில் சேர்ப்பது இலகு.

இதன் மறுபக்கமும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் வந்தவுடன், பழைய மாணவர் சங்கத்தில் இருக்கும் சட்டத்தரணியைக் கொண்டு அதிபர் பதில் அனுப்பிவிடுவார். நல்ல மனதோடு செய்கிற வேலைதான். ஆனால் அந்தச் சட்டத்தரணிக்கு அரசின் சார்பில் பேச அதிகாரம் இல்லை. அந்தப் பதிலில் உள்ள ஒரு வசனம், உதாரணமாக "அன்று கடமையில் இருந்த ஆசிரியர் வெளியே சென்றிருந்தார்" என்பது, பிறகு பிள்ளையின் பக்கம் முதலாவது ஆவணமாக வந்து நிற்கும். கடிதம் கிடைத்த திகதியை உறையிலேயே குறித்து, பிரதி எடுத்து, அன்றைக்கே வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்கள் உண்டு. அங்கிருந்து திணைக்களம், அமைச்சு, சட்டமா அதிபர் என்று போக நாள் எடுக்கும். அதனால்தான் "அன்றைக்கே".

அடுத்து, எந்த நீதிமன்றம் என்பது. இதற்கு முதலில் பாடசாலையின் வகை தெரிய வேண்டும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி, ஹாட்லி போன்ற தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் வருகின்றன. மற்ற அரசாங்கப் பாடசாலைகள் 13ஆவது திருத்தத்தின்படி வட மாகாண சபையின் கீழ். பரி. யோவான் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவை 1960இல் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது அரசிடம் போகாமல் தனியாக நின்றவை. மாகாணப் பாடசாலை பற்றிய நிர்வாக முடிவு ஒன்றை எழுத்தாணையால் நீக்கக் கேட்பதென்றால் அரசியலமைப்பின் 154P(4) உறுப்புரையின் கீழ் யாழ்ப்பாணத்து மாகாண மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். தேசியப் பாடசாலை பற்றிய மத்திய அமைச்சின் முடிவென்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். இதை மாற்றிப் போட்டால், நியாயாதிக்கம் (விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்ற ஆரம்ப ஆட்சேபனையிலேயே பல மாதங்கள் கரைந்துபோகும். தனியார் பாடசாலைக்கு எதிராக அடிப்படை உரிமை மனு போட முன்னர், அரசின் "நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல்" எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கிறது.

நாள் கணக்கில்தான் கூடுதலான வழக்குகள் சாகின்றன. உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு, மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு மாதம். "வலயத்துக்கு முறையிட்டிருக்கிறம், பதில் வரட்டும்" என்று பெற்றார் காத்திருக்க அந்த மாதம் போய்விடும். வலயத்துக்குக் கொடுத்த முறைப்பாடு கடிகாரத்தை நிறுத்தாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுபடாது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துப் பற்றுச்சீட்டோடு வீட்டுக்குப் போவது போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டக் கடிதமோ அழைப்போ கையில் வேண்டும். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆவணங்கள் எல்லாம் தமிழில். கொழும்பில் தாக்கல் செய்யச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கு ஒரு கிழமை சும்மா போகும். எனவே ஒரு மாதம் என்பதை மூன்று கிழமை என்றே எண்ணி வேலை செய்ய வேண்டும்.

நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம், காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி, சட்டமா அதிபருக்கு எதிராகவோ உத்தியோக முறையில் செய்த செயலுக்காக அரச அலுவலருக்கு எதிராகவோ வழக்கு வைக்க முன்னர் எழுத்தில் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குக்கான காரணம், வழக்காளியின் பெயரும் வதிவிடமும், கேட்கிற நிவாரணம் என்பவை அதில் இருக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்ததாக வழக்குரையிலும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முடியக் கிட்டத்தான் கட்சிக்காரர் வந்தாரென்றால் இந்த ஒரு மாதம் கழுத்தில் கத்தி.

ஆசிரியர் பிள்ளையை அடித்த விடயத்துக்கு வருவோம். "படிக்கத்தானே அடிச்சவர்" என்று பெற்றாரே சொல்கிற ஊர் இது. அது எதிர்வாதம் ஆகாது. கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 ஆகிய சுற்றுநிருபங்கள் உடல் ரீதியான தண்டனையை விலக்கியிருக்கின்றன. தண்டனைச் சட்டக்கோவையின் 308A பிரிவில் சிறுவரைக் கொடுமைப்படுத்துவதற்கு இரண்டு முதல் பத்து வருடச் சிறை உண்டு. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியர் தன் கைப்பணத்திலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. ஒரே அறை, இரண்டு கட்டணம். "அரசாங்கம் கட்டும்தானே" என்று ஆறுதல்படுகிற ஆசிரியர்கள் அந்த முதல் தொகையைக் கவனிக்க வேண்டும்.

இப்படியான நாளில் பள்ளிக்கூடம் விடுகிற பெரிய பிழை சம்பவத் திரட்டுப் புத்தகத்தில்தான். வழமையாகக் காண்கிற பதிவு இப்படி இருக்கும்: "தரம் 8 மாணவன் ஒழுங்கீனமாக நடந்ததால் ஆசிரியர் கண்டித்தார். பெற்றாருடன் பேசி சமரசம் செய்யப்பட்டது." இது எவரையும் காப்பாற்றாது. ஒழுங்கீனம் என்ன? எதைக் கொண்டு கண்டித்தார்? சமரசத்துக்கு யார் ஒப்பமிட்டது? இருக்க வேண்டியது வேறு விதம். திகதி, மணி, பாடவேளை. பிள்ளை சொன்னது பிள்ளையின் சொல்லில். ஆசிரியர் சொன்னது ஆசிரியரின் கையெழுத்தில். காயம் எந்தப் பக்கம், என்ன நிறம், எத்தனை அங்குலம். முதலுதவி யார் கொடுத்தது, பெற்றாருக்கு எத்தனை மணிக்கு அழைப்பு எடுத்தது, எந்த வைத்தியசாலை. காரணம் எதுவென்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கண்டதை மட்டும் எழுதினால் போதும். பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுதுவது எல்லாவற்றிலும் மோசம். இலக்கமிட்ட புத்தகத்தில் ஒரு தாள் குறைந்தால் நீதிமன்றம் அந்த இல்லாத தாளைத்தான் வாசிக்கும். கமரா இருந்தால் அன்றைக்கே பதிவைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், பிறகு அழித்துவிட்டார்கள் என்ற பழிதான் மிஞ்சும்.

பாலியல் முறைப்பாடு வந்தால் அதிபர் செய்யக்கூடாதது விசாரணை. பிள்ளையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பிரதி அதிபர், பகுதித் தலைவர், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொல்ல வைப்பது பிள்ளைக்கும் கொடுமை, வழக்குக்கும் கேடு. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறும். அந்த மாற்றங்களை எதிரியின் சட்டத்தரணி ஒன்றொன்றாக எடுத்து வைப்பார். பிள்ளை சொன்னதை ஒருவர் ஒருமுறை கேட்டு, சொன்னபடி எழுதி, பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவுக்கோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கோ அறிவிக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்வரை உடையைத் துவைக்க வேண்டாமென்று தாய்க்குச் சொல்ல வேண்டும். "பிள்ளையின்ர பேர் கெட்டுப்போம், சமாதானமாப் போவம்" என்று இரண்டு குடும்பத்தையும் இருத்திப் பேசுகிற அதிபர் பிறகு சாட்சிக்கூட்டில் அந்தக் கூட்டத்தையே விளக்க வேண்டிவரும். பெற்றார் வட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரையோ அடையாளம் தெரியும் விபரத்தையோ போடுவதும் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 365C அதற்குத்தான்.

தரம் 1 அனுமதி பற்றிச் சுருக்கமாக. சுற்றுநிருபம் வருடா வருடம் வரும், போன வருடத்துப் பிரதியை வைத்து நேர்முகம் நடத்துவதும் மனு எழுதுவதும் வேண்டாம். வதிவிட வகையில் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் மட்டும் போதுமென்று பெற்றார் நினைக்கிறார்கள். தேர்தல் இடாப்பும் காணி உறுதியும்தான் புள்ளியைத் தீர்மானிக்கின்றன. புள்ளி தவறென்றால் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகாமல் நேரே நீதிமன்றம் ஓடினால், மாற்று நிவாரணம் இருந்ததே என்ற கேள்வி வரும். அனுமதிக்கு "நன்கொடை" வாங்குவது, அபிவிருத்திச் சங்கப் பற்றுச்சீட்டே கொடுத்தாலும், 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இலஞ்சமாகக் கணிக்கப்படலாம். கொடுப்பவரும் தப்ப மாட்டார்.

புள்ளிப் பட்டியலைக் கேட்டுத் தகவல் உரிமை விண்ணப்பம் வந்தால் "ஏன் கேக்கிறீங்கள்?" என்று கேட்பது அதிபர்களின் முதல் எதிர்வினை. விண்ணப்பதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளின் தனிப்பட்ட விபரம் இருக்கிறதென்று முழுவதையும் மறுப்பது தவறு. பெயரையும் முகவரியையும் மறைத்து மிச்சத்தைக் கொடுக்க 6ஆம் பிரிவு வழி விடுகிறது. மறுத்தால் அவர் 14 நாளுக்குள் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழுவிடமும் போவார்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் நீண்ட வழக்குகள் என்னவோ காணியில்தான். "அறுபது வருஷமா பள்ளிக்கூடம் இருக்கு, காணி பள்ளிக்கூடத்துக்குத்தான்" என்பது உறுதி அல்ல. 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசிடம் கொண்டுவந்தபோது, எந்தக் காணி அரசுக்கு உரித்தாகிறது என்பது வர்த்தமானியில் வந்த கட்டளையில் இருக்கிறது. விளையாட்டு மைதானமோ, பின்வளவோ, கோயில் பக்கத்துத் துண்டோ அதில் இல்லாமல் இருக்கலாம். கோயிலோ சபையோ அனுமதி தந்து இருந்த இடத்தில் பத்து வருடம் ஆண்டதால் வரும் ஆட்சியுரிமை சொல்லவும் முடியாது, அனுமதியோடு இருப்பது எதிருரிமை ஆகாது. கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்ட முன்னர் வர்த்தமானியையும் நில அளவைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995 இடப்பெயர்வில் பள்ளிக்கூடத்துப் பிரதிகள் போயிருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இணைப்பிரதி அங்கே போய்ச் சேர வேண்டியது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் காணி கொடுக்க வரும்போது சந்தோசத்தில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியானாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உறுதி முடிக்க முடியாது. 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அது. கணவன் கனடாவில் என்பதால் "பிறகு வாங்கலாம்" என்று விட்ட சம்மதம், பிள்ளைகள் உரிமை கேட்டு வரும்போது உறுதியையே சாய்த்துவிடும். அற்றோணித் தத்துவத்தில் (வேறொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில்) எழுதுவதென்றால், அதில் நன்கொடை கொடுக்கும் அதிகாரம் வெளிப்படையாக இருக்க வேண்டும். விற்கவும் குத்தகைக்கு விடவும் தந்த அதிகாரம் இனாமாகக் கொடுக்கப் போதாது. நன்கொடைக்கு ஏற்பும் வேண்டும். அபிவிருத்திச் சங்கத் தலைவர் என்ற பெயரில் அதிபர் ஒப்பமிட்டால் காணி அரசுக்குப் போனதா, சங்கத்துக்குப் போனதா, அவருக்கே போனதா என்று பிறகு வாதாட வேண்டும். யார் அரசின் சார்பில் ஏற்பது என்று மாகாணக் கல்வி அமைச்சிடம் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உறுதியில் 4 பரப்பு, படத்தில் 3 பரப்பு 12 குழி என்று இருந்தால் (18 குழி ஒரு பரப்பு) குறைந்த 6 குழி எந்தப் பக்கத்து வேலிக்குள் போயிருக்கிறது என்பதை ஒப்பமிட முன்னர் பார்க்க வேண்டும்.

இன்னும் மோசமானது பிரிபடாத பங்கு. ஆறில் ஒரு பங்கை ஒருவர் கொடுக்க, அதில் வகுப்பறை எழும்பிவிடும். பத்து வருடம் கழித்து மற்றப் பங்காளி ஒருவர் 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரிவினை வழக்கு வைப்பார். நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் காணிக்கு வரும் நாளில் "எனக்கு ஒண்டும் தெரியாது, வலயம் பாத்துக்கொள்ளும்" என்று அதிபர் ஒதுங்கி நிற்பதுதான் அங்கே நடக்கும் தவறு. அளவையாளரின் அறிக்கையில் காணியில் உள்ள கட்டடங்களும் அவற்றுக்கு யார் உரிமை சொன்னார்கள் என்பதும் பதியப்படும். கிணறு, மலசலகூடம், மேற்குப் பக்கத்து மதில் வரை ஒவ்வொன்றையும் காட்டி, அரசு கட்டியது என்று சொல்லி, எழுதினாரா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அதிபர் வகுப்புக்குத் திரும்ப வேண்டும்.