வடிவியலின் ருசியைக் கெடுக்கும் சில தவறுகள்

தில்லி ஆர்.கே.புரத்தில் ஞாயிறு காலைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வடிவியல் சொல்லித் தருகிறேன். பழைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் வடிவியல் நூலை எழுதி ஏறத்தாழ 2300 வருஷம் ஆகிவிட்டது; பிள்ளைகளுக்கு இன்னும் அலுக்கவில்லை. அலுத்தால் அது பெரும்பாலும் நாம் சொல்லித்தரும் விதத்தால்தான்.

பெரிய தவறு, படத்தை நம்புவது. இதை வெறும் வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. அதனால் 'எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே' என்ற பழைய பொய் நிரூபணத்தைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்குள்ளே சந்திப்பதாகக் கையால் ஒரு படம். அந்தப் புள்ளியிலிருந்து மற்ற இரு பக்கங்களுக்கும் செங்குத்துகள். அப்புறம் சர்வசம முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போனால் அந்த இரு பக்கங்களும் சமம் என்று வந்து நிற்கும். ஒரு வரியிலும் குறை தெரியாது.

சரி, இப்போது 5, 7, 8 செ.மீ. பக்கங்களோடு காம்பஸ் வைத்துத் துல்லியமாக வரையுங்கள் என்பேன். அந்த இரு கோடுகளும் முக்கோணத்துக்கு வெளியே, அதன் மூன்று முனைகள் வழியாகவும் போகும் சுற்றுவட்டத்தின் மேல் போய்ச் சந்திக்கும். ஒரு செங்குத்து பக்கத்தின் மேலேயே விழும். இன்னொன்றுக்குப் பக்கத்தை நீட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு நீளங்களைக் கூட்டுகிறோம், மற்றதற்குக் கழிக்க வேண்டும். பொய் நுழைந்த இடம் அதுதான். நிரூபணம் எதற்கு என்று அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

'ஏதேனும் ஒரு முக்கோணம்' என்றால் சமபக்க முக்கோணம் போடுவது அடுத்த தவறு. நடுக்கோடு, குத்துக்கோடு, கோண இருசமவெட்டி மூன்றும் அதில் ஒரே கோடாகிவிடும். கோணல்மாணலாகவே போடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே நிரூபணத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பதற்கு என் மாணவி ஒருத்தி, 'முக்கோணத்தைத் திருப்பி அதன் மேலேயே வைத்தால் அச்சாகப் பொருந்துமே' என்று எழுதினாள். பள்ளியில் மதிப்பெண் போய்விட்டது. பழங்காலக் கணிதர் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் பெயரில் வழங்கும் நிரூபணம் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வடிவியலை நோட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதும் தவறு. நமக்கு ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1724இல் அதைக் கட்டிய ராஜபுத்திர மன்னர் இரண்டாம் ஜெய்சிங், யூக்ளிட்டின் நூலைத் தன் அவைப் பண்டிதர் ஜகந்நாத சம்ராட்டைக் கொண்டு 'ரேகாகணிதம்' என்று சமஸ்கிருதத்தில் எழுதவைத்தவர். அங்குள்ள சம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்தின் சாய்ந்த விளிம்பு, பூமியின் அச்சுக்கு இணையான ஒரு கர்ணம். தரையோடு அது உண்டாக்கும் கோணம் தில்லியின் அட்சரேகை, சுமார் 28.6 பாகை. போன ஜனவரியில் பிள்ளைகள் ஸ்வெட்டரும் மப்ளருமாக அதன் எதிரே உட்கார்ந்து, பூமிக்கு ஒரு வட்டம், நாம் நிற்கும் இடத்தில் ஒரு தொடுகோடு, அச்சுக்கு இணையாக ஒரு கோடு என்று வரைந்தார்கள். ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து, நிலநடுக்கோடு அச்சுக்குச் செங்குத்து; அதனால் தொடுகோட்டுக்கும் அச்சுக்கு இணையான கோட்டுக்கும் இடையிலுள்ள கோணமும், ஆரத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள கோணமான அட்சரேகையும் சமம் என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். அப்போது ஒரு பையன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்படின்னா சென்னையில இதைக் கட்டினா 13 பாகைதான் சாயும், இல்ல மாமா?" என்றான்.