எச்-இண்டெக்ஸ் எட்டு, சரி… கட்டுரையைப் படித்தீர்களா?

தர்மபுரிப் பக்கம் கல்லூரி நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஆராய்ச்சி என்ற பேச்சு வந்ததுமே, “உங்க எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் வந்தவருடைய ஒரு கட்டுரையைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார்.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன அளவு இது. ஒருவருடைய எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றனவோ, அந்த எண். ஒருவர் ஐந்து கட்டுரை எழுதி, அவை 40, 12, 6, 4, 3 முறை மேற்கோள் காட்டப்பட்டால் எண் 4. இன்னொருவர் எழுதியது நான்கே கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 300 மேற்கோள். அவருக்கும் 4தான்! இருவரையும் ஒரே தட்டில் வைப்பது முதல் தவறு. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு என்பதை மறந்து, வேதியியல்காரரையும் கணிதக்காரரையும் ஒப்பிடுவது அடுத்தது. தமிழ்த்துறையைச் சொல்லவே வேண்டாம், அவர்கள் எழுதும் நூல்களில் பெரும்பாலானவை மேற்கோள்களைக் கணக்கிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் ஏறுவதே இல்லை.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டரை, அதாவது அதன் அண்மைக் கட்டுரைகளுக்குக் கிடைத்த சராசரி மேற்கோள் எண்ணை, அதில் எழுதியவரின் மதிப்பெண்ணாக்குவதும் வழக்கமாகிவிட்டது. ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற இதழுக்கு 2008இல் அந்த எண் சுமார் 2. மறு வருடமே ஏறக்குறைய 50. காரணம், படிகவியலில் எல்லோரும் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரை. பக்கத்துப் பக்கங்களில் எழுதியவர்களுக்கு அதில் பங்கே கிடையாது.

அப்புறம் நம் ஊர்ப் பெயர்ச் சிக்கல். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. இதழின் படிவமோ ‘கடைசிப் பெயர்’ கேட்கும். ஒருமுறை அப்பா பெயரைப் போடுவோம், மறுமுறை வெறும் எழுத்தை. ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். மாறாக, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ‘எம். முருகன்’ என்று தேடினால் பல முருகன்களின் கட்டுரைகள் கலந்து வரும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்கிட் எண் வாங்கி, எல்லாக் கட்டுரைக்கும் அதையே கொடுங்கள். மேற்கோள் எண்ணிக்கையைச் சொல்லும்போது எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்றும் எழுதுங்கள். ஆய்வேடுகளையும் சேர்த்துக்கொள்வதால், கூகுள் ஸ்காலரில் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் ‘பையூர் 2’ என்ற கொள்ளு ரகத்தை விதைக்கும் விவசாயி எந்த இதழிலும் மேற்கோள் காட்டப்போவதில்லை. அப்படிப்பட்ட ரகத்தை உருவாக்கியவர் நேர்காணலுக்கு வந்தால், ரகம் எங்கெல்லாம் பயிராகிறது என்று கேளுங்கள். போகிறவர் நீங்கள் என்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அதைத் தனித்தாளில் எழுதி முதல் பக்கத்திலேயே வையுங்கள்.