போர்க்கால வரலாற்றைக் கார்ட்டூனில் தொடங்குங்கள்

யாங்கோனில் கோயில் மண்டபத்திலோ வீட்டிலோ பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டாம் உலகப் போரைப் பாடப் பக்கத்தில் தொடங்காதீர்கள், ஒரு கார்ட்டூனில் தொடங்குங்கள்.

லண்டன் நாளிதழ்க் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ 1939 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட படம் இதற்கு அருமையானது. ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி ஒருவருக்கொருவர் குனிந்து வணங்குகிறார்கள். நடுவில் தரையில் ஒரு பிணம், அதுதான் போலந்து. எழுத்துகளைத் தாளால் மறைத்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். யார் சிரிக்கிறார்? இடுப்பில் என்ன இருக்கிறது? அப்புறம் தேதியைச் சொல்லுங்கள். சோவியத் படை போலந்துக்குள் நுழைந்தது செப்டம்பர் 17, அதாவது மூன்றே நாள் முன்பு. ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று அந்த ஆகஸ்டில் இருவரும் போட்ட ஒப்பந்தம் அதற்குப் பிறகு தானாகவே புரியும்.

சரி, வரைவதற்கு வருவோம். ஒருவரிடம் ஒரே ஓர் அடையாளத்தைப் பெரிதாக்கினால் போதும். சர்ச்சிலுக்குச் சுருட்டு, ஹிட்லருக்கு மீசை. ஆனால் அந்தக் காலப் பிரசாரப் படங்கள் ஜப்பானியர் எல்லோரையும் ஒரே மாதிரி துருத்திய பல்லும் கண்ணாடியுமாக வரைந்து இழிவுபடுத்தின. அதையும் காட்டி, ஓர் ஆட்சியாளரைச் சாடுவதும் ஓர் இனத்தையே சாடுவதும் ஒன்றா என்று கட்டாயம் கேளுங்கள்.

கடைசியாக 1942. ரங்கூன் (இன்றைய யாங்கோன்) ஜப்பானியரிடம் விழுந்தபோது இங்கிருந்த நம்மவர்கள் அஸ்ஸாம், மணிப்பூர் நோக்கி நடந்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கதையைக் கேட்டு, அரைத் தாளில் ஒரு கார்ட்டூன் வரைந்துவரச் சொல்லுங்கள். விளக்கம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.