மாடித் தண்ணீர்ச் சட்டியிலிருந்து புறாக்களுக்கு நோய் பரவாமல் தடுப்பது எப்படி?

கோடையில் பறவைகளுக்கென்று வைக்கும் சட்டியில் முதலில் வாயை வைப்பது பெரும்பாலும் மாடப்புறாதான். அதன் தொண்டையில் டிரைக்கோமோனாஸ் கல்லினே என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி, நோய் எதையும் வெளிக்காட்டாமலே குடியிருக்கலாம். புறா அலகை முக்கி உறிஞ்சும்போது எச்சிலோடு அது தண்ணீரில் இறங்கிவிடும். கொத்திப் போட்ட ஈரத் தானியத்திலும் ஒட்டியிருக்கும். புறாவை அடித்துத் தின்னும் வல்லூறுக்கும் தொற்றும். பிரிட்டனில் 2005 வாக்கில் இது கிரீன்ஃபிஞ்ச் பறவைகளுக்குத் தாவி, அவற்றின் எண்ணிக்கையையே சரித்துவிட்டது.

காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி செத்துவிடும். ஆகவே சட்டி இரண்டு வேண்டும்: ஒன்று புழக்கத்தில், மற்றது வெயிலில். மண்சட்டி அழகுதான், ஆனால் ஈரத்தை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும். பீங்கானே மேல். ஆழம் 3 முதல் 5 செ.மீ. போதும். பறவைகள் உட்காரும் கம்பி, கிளைக்கு நேர்கீழே வைக்காதீர்கள், எச்சம் விழும்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது பிரஷ்ஷால் வழுவழுப்புப் போகத் தேய்த்து, 900 மி.லி. தண்ணீரில் 100 மி.லி. பிளீச் திரவம் (கடையில் கிடைக்கும் சுமார் 5 சதவீத ஹைப்போகுளோரைட்) கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். தேய்க்காமல் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். வாடை போகும்வரை அலசி, முழுக்கக் காயவையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

எச்சத்தில் வரும் காக்ஸிடியா, அதாவது கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் தரும் ஒட்டுண்ணி வகையறா, பிளீச்சுக்கு அசையாது. அதற்குக் கொதிநீர்தான் சரி. ஈரமும் சூடும் இருந்தால் இரண்டொரு நாளில் அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும் என்பதால், எச்சத்தைத் தண்ணீர் தெளித்து அன்றன்றே வழித்தெடுங்கள். முகக்கவசமும் கையுறையும் அவசியம். தானியம் அன்றைக்குத் தின்று தீருமளவே போடுங்கள்.

இறகு சிலிர்த்து, அலகோரம் நனைந்து, விழுங்க முடியாமல் தவிக்கும் புறா தென்பட்டால் தண்ணீர், தீனி இரண்டையும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்துங்கள். கூட்டம் கலைவதுதான் அப்போது மருந்து. இந்த ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோல் மருந்தைச் சட்டியில் கரைத்து வைக்காதீர்கள்: எந்தப் பறவை எவ்வளவு குடித்தது என்று தெரியாது, அரைகுறை அளவு மருந்தெதிர்ப்பைத்தான் வளர்க்கும். செத்த பறவையைக் கையுறையோடு எடுத்து, பூனை தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.