எரிப்பு முறையில் ஒய்பிசிஓ மீக்கடத்தி: பேரியம் காலை வாராமல் செய்வது எப்படி?

ஒய்பிசிஓ என்பது இட்ரியம், பேரியம், காப்பர் மூன்றும் சேர்ந்த ஆக்சைடு. நன்றாகக் குளிர்வித்தால் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகி, தன்மேல் வைத்த காந்தத்தை மிதக்கவிடும். மதுரையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று முறை சொதப்பிய பிறகு நான்காவது முறைதான் காந்தம் மிதந்தது. அந்த நான்காவது முறையைத்தான் எழுதுகிறேன்.

இட்ரியம் ஆக்சைடு 1.13 கிராம், பேரியம் நைட்ரேட் 5.23, மூன்று நீர் கொண்ட காப்பர் நைட்ரேட் 7.25, எரிபொருளாகச் சிட்ரிக் அமிலம் 12.6 கிராம். இட்ரியம், பேரியம், காப்பர் அணுக்கள் 1:2:3 விகிதத்தில். காப்பர் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த டப்பா என்றால் எடை பொய் சொல்லும். இட்ரியம் ஆக்சைடை வெதுவெதுப்பான நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரையுங்கள்.

என்னைக் கவிழ்த்தது பேரியம். 25 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 10 கிராம் கரையும், ஐந்து கிராமுக்கு 60 மில்லி போதும் என்று கணக்குப் போட்டேன். மற்ற உப்புகளிலிருந்து வரும் நைட்ரேட்டும் சேர்ந்தால் அதன் கரைதிறன் இன்னும் குறையும் என்பது மறந்துபோனது. பீக்கர் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி மினுமினுப்பு. எரியும்போது கலந்துவிடும் என்று விட்டேன். கடைசியில் பொடியை அழுத்திச் சுட்ட வில்லையில் பச்சைத் திட்டுகள் வந்தன. பேரியம் போதாத இடத்தில் உருவாகும் வேறு சேர்மம் அது. இப்போது 150 மில்லி, 80 டிகிரி. எல்லாக் கரைசலையும் சூடாகவே கலந்து சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்கிறேன். பிறகு அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 6.5க்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் வெள்ளையாகப் படியும். இதற்கு மீட்டர் வேண்டாம், பிஎச் தாளே போதும்.

நீலக் கரைசல் வற்றிப் பாகுப் பதம் வந்ததும் சூட்டை ஏற்றுங்கள். பொங்கும், பழுப்புப் புகை வரும், பொறி ஊர்ந்து பரவும். புகையை வெளியே இழுக்கும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள், ஒரு லிட்டர் பீக்கரில் மட்டும். பேரியம் உப்பு விஷம். வீட்டில் வேண்டவே வேண்டாம். கிளைசின் போட்டால் இன்னும் மூர்க்கமாக எரியும், எனக்குப் பிடிக்காது.

சாம்பலை 900 டிகிரியில் 12 மணி நேரம் சுட்டு, அகேட் கல்வத்தில் அரைத்து (பீங்கான் கல்வம் தேய்ந்து பொடியில் கலக்கும்), வில்லையாக அழுத்தி 930 டிகிரியில் மீண்டும் சுடுங்கள்.

பின்சேர்க்கை: "வில்லை கறுப்பாகத்தான் இருக்கிறது, காந்தம் மிதக்கவில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். சூட்டோடு உலையிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் வெளியேறிவிடும். 450 டிகிரி வாக்கில்தான் திரும்ப ஏறும். ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்ல ஆறவிட்டு, 450இல் பத்து மணி நேரமாவது நிறுத்துங்கள்.

சோதனைக்குத் திரவ நைட்ரஜன், 77 கெல்வின். வில்லை மீக்கடத்தியாவது சுமார் 92 கெல்வினில். மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர்கள் வைத்திருப்பார்களே, அதே நைட்ரஜன்தான். தெர்மாக்கோல் கிண்ணம், சின்ன நியோடைமியம் காந்தம் போதும். முடிந்ததும் வில்லையில் பூத்த பனி உருகுமுன் உலர்த்தி டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வையுங்கள். ஈரம் பட்டால் வில்லை சிதையும்.